கட்டில் போன இடம்

வீடு மாற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பே என் கணவர் புது வீட்டை கிராஃப் தாளில் வரைந்துவிட்டார். ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர். முப்பது வருஷம் டூல் ரூமில் வேலை பார்த்தவர், எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். பீரோ, ஃப்ரிட்ஜ், அத்தையின் கட்டில், பையனின் படிக்கிற மேஜை, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் அதே கணக்கில் பழைய காலண்டர் அட்டையில் வெட்டிவைத்துக்கொண்டு, தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தாள்மேல் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பார்ப்பேன். எப்படி நகர்த்தினாலும் ஏதோ ஒரு அட்டை மிஞ்சும். ஒரு நாள் மேஜை, ஒரு நாள் வாஷிங் மெஷின். கட்டில் மட்டும் ஒரு நாளும் மிஞ்சியதில்லை. அதைத்தான் அவர் முதலில் வைப்பார்.

ஹலசூரில் பஜார் தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய வீட்டுக்கு நாங்கள் வந்தது 2011 அக்டோபரில். எம்.ஜி. ரோட்டுக்கும் பையப்பனஹள்ளிக்கும் நடுவே பெங்களூரின் முதல் மெட்ரோ ஓட ஆரம்பித்த மாதம் அது. 20-ஆம் தேதி ரயில் விட்டார்கள், அந்த வாரக் கடைசியில் நாங்கள் பால் காய்ச்சினோம். அப்போது வாடகை 9,000. பத்து மாத அட்வான்ஸ் 90,000. ஒரு வருஷத்தைத் தாண்டிய குத்தகை என்றால் பத்திரம் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் ஊரெல்லாம் போடுகிற அதே பதினொரு மாத அக்ரிமென்ட்தான் நாங்களும் போட்டோம். அதைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பதிமூன்று வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம். சோமேஸ்வரர் கோயில் பூப்பல்லக்கு ராத்திரிகளில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். ஆடிக் கிருத்திகைக்கு முருகன் கோயில் காவடி பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பத்துப் பேர்கூட அந்த ஹாலில் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள்.

போன வருஷம் அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். இப்போது வேறொரு இடத்தில், ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்குப் போகிறார். வாடகை 26,000 ஆகியிருந்தது. கணக்கு எத்தனை தடவை போட்டாலும் ஒன்றுதான் வந்தது. ராமமூர்த்தி நகர் தாண்டி உள்ளே, 14,000-க்கு இரண்டாவது மாடியில் ஒரு வீடு கிடைத்தது.

அட்வான்ஸ் விஷயத்தைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. காலி பண்ணும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம், எங்களுக்கும் தெரியும். ஆனால் எந்த மாத வாடகை? நாங்கள் கொடுத்து வைத்தது 9,000 கணக்கில், ஓனர் பிடித்தது 26,000. கைக்கு வந்தது 64,000. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருக்கிற வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. ஆனால் அது மாதிரிச் சட்டம்தான், மாநிலங்கள் எடுத்து நடத்தினால்தான் உண்டு. புது வீட்டில் கேட்டது 1,40,000. பேசிப் பேசி ஒரு லட்சத்துக்கு இறக்கினோம். நடுவில் துண்டு விழுந்த 36,000-க்கு என் வளையல் ஒன்று அடகுக் கடைக்குப் போனது. வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் இப்படி ஏதாவது ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் மாறுகிறார்கள். இது சரியில்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பால் காய்ச்சியது வியாழக்கிழமை. ஆடி வந்துவிட்டால் நமக்கு ஆகாது, அதற்கு முன்பே ஆஷாடம் வந்துவிட்டால் கன்னடக்காரர்களுக்கு ஆகாது, ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதனால் மே மாதம் முடிவதற்குள் இந்த ஊரில் பாதிப் பேர் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார்கள். காலை ஐந்தரைக்கு அத்தையைக் கைத்தாங்கலாக மாடி ஏற்றினோம். எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அத்தைதான் நந்தினி பால் பாக்கெட்டை வெட்டிப் புதுப் பாத்திரத்தில் ஊற்றி, பொங்கி வழிகிறவரை நின்று பார்த்தார். அப்புறம் நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெட்ரூமுக்குள் போனவர் அங்கேயே இருந்தார். எட்டிப் பார்த்தேன். வெறுங்காலோடு சுவரை ஒட்டி மெதுவாக நடந்துகொண்டிருந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அப்புறம் குறுக்கே. உதடு அசைந்தது. புது வீட்டில் ஏதோ ஸ்லோகம் சொல்லிச் சுற்றுகிறார் என்று நினைத்து நான் திரும்பிவிட்டேன்.

அவர் டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தார். அது எனக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் தெரிந்தது.

பெங்களூரில் தர்ட்டி ஃபார்ட்டி சைட் என்றால் எல்லோருக்கும் தெரியும், 1,200 சதுர அடி. இது அதில் சரிபாதி, ட்வென்டி தர்ட்டி. 600 சதுர அடி மனையில் நான்கு மாடி, மாடிக்கு ஒரு வீடு. படிக்கட்டும் பால்கனியும் போக எங்களுக்கு 450 தேறினால் அதிகம். பழைய வீடு 1,100. பெட்ரூம் பத்துக்குப் பத்து. இரண்டடி டைல்ஸில் இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. பீரோவும் கட்டிலும் அங்கே, அத்தையோடு சின்னவள் படுத்துக்கொள்வாள், நாங்கள் இரண்டு பேரும் பையனும் ஹாலில் என்று அவர் அட்டை வைத்துக் காட்டினார். மேஜைக்கு மட்டும் இடமில்லை. பையன் இந்த வருஷம் பி.யூ.சி. இரண்டாம் வருஷம், அதாவது ப்ளஸ் டூ. “பரவாயில்லப்பா, நான் லைப்ரரில படிச்சுக்கறேன்” என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அத்தை அப்போது ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். எதுவும் பேசவில்லை.

ஊஞ்சல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அத்தை பிறந்த வீட்டில், குடியாத்தத்தில், அவர் அம்மா வைத்திருந்த பலகை அது. தேக்கு, ஐந்தே முக்கால் அடி நீளம், இரண்டடி அகலம், நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து லேசாகக் குழிந்திருக்கும். ஹலசூர் வீட்டில் உத்தரத்தில் கொக்கி இருந்தது. புது வீட்டில் கொக்கியும் இல்லை, ஆடுவதற்கு இடமும் இல்லை. கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். “அது வரட்டும், பார்த்துக்கலாம்” என்றார் அவர். எல்லாவற்றுக்கும் அட்டை வெட்டியவர் அதற்கு வெட்டவில்லை. அந்த ஒன்றுக்காக நாங்கள் இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தால் நான் சொன்னது தவறு.

சனிக்கிழமை ராத்திரி கட்டிலைக் கழற்றி, சட்டம், கால், பலகை எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டி வராந்தாவில் சாய்த்து வைத்தோம். அன்றைக்கு எல்லோரும் தரையில்தான் படுத்தோம். அத்தைக்கு இரண்டு மெத்தையை அடுக்கிப் போட்டேன். நடுராத்திரியில் எழுந்திருக்க வேண்டி வந்தபோது என்னை எழுப்பினார். என் தோளைப் பிடித்து, சுவரைப் பிடித்து, எழுந்து நிற்க ஐந்து நிமிஷம் ஆனது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் கட்டில் வந்துவிடும் என்று நான் ஆறுதல் சொன்னேன். “ம்” என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குட்டி யானை வந்தது. டாடா ஏஸ் 2005-இல் வந்ததிலிருந்து எங்களைப் போன்றவர்கள் வீடு மாறுவது அதில்தான். முக்கால் டன் ஏற்றலாம், எங்கள் சாமானுக்கு இரண்டு நடை என்று மேஸ்திரி பார்த்ததுமே சொல்லிவிட்டார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், கூட நான்கு பையன்கள். எல்லாவற்றிலும் சின்னவனுக்கு இருபது இருக்கும். அட்டைப்பெட்டியில் நான் எழுதிவைத்த ‘சமையல்’, ‘சாமி’, ‘துணி’ எதையும் யாரும் படிக்கவில்லை. சமையல் பெட்டி எல்லாவற்றுக்கும் அடியில் போனது. அரை மணி நேரத்தில் வீடு ஒரு கிடங்கு மாதிரி ஆகிவிட்டது. சின்னவள் ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தேடி அழுதாள். துளசித் தொட்டியை யார் எடுப்பது என்று ஒரு பேச்சு. கேஸ் சிலிண்டர் நிறை சிலிண்டர், முப்பது கிலோ கனம், அதை அந்தச் சின்னப் பையன் சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு தனியாகவே தூக்கிப் போனான்.

முதல் நடையோடு பையனை அனுப்பினோம். பின்னாலேயே ஆட்டோவில் நான், அத்தை, சின்னவள். அவர் மிச்சத்தைக் கட்ட அங்கேயே இருந்தார். அத்தை மடியில் குத்துவிளக்கும் உப்பு ஜாடியும். என் மடியில் இட்லி மாவு வாளி. ஃப்ரிட்ஜை அணைத்து எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. மே மாத வெயிலில் மாவு புளித்து எழும்பி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. கையால் அமுக்கிப் பிடித்திருந்தேன்.

ஆட்டோ கிளம்பியதும் அத்தை, “ஏரிப் பக்கமா ஒரு தரம் போலாமா?” என்று கேட்டார்.

எதிர்த் திசை. வண்டி அங்கே காத்திருக்கும், சாவி என்னிடம். ஆனால் அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை. சரி என்றேன்.

மாமனார் ராணுவத்தில், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற எம்.இ.ஜி. பொறியாளர் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மெட்ராஸ் சாப்பர்ஸ் மையம் அந்த ஏரியை ஒட்டித்தான். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. இருந்தவரை விடியற்காலையில் ஏரியைச் சுற்றி நடப்பார். அங்கே திருவள்ளுவர் சிலையை 1991-இல் வைத்தார்கள், ஆனால் திறக்க முடியவில்லை. பதினெட்டு வருஷம் துணியால் சுற்றியே நின்றது. “இன்னிக்கும் மூடித்தான் வெச்சிருக்கான்” என்று தினமும் வந்து சொல்வாராம். 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறந்தபோது நாங்கள் ஜோகுபாளையாவில் இருந்தோம். அவரும் அத்தையும் கூட்டத்தில் உள்ளே போக முடியாமல் தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். இப்போது ஆட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை அத்தை. ஏரியை, நடக்கிற பாதையை, சிலையை எல்லாம் ஓடுகிற ஆட்டோவிலிருந்தே பார்த்தார். அப்புறம் விளக்கைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “போலாம்” என்றார்.

டின் ஃபேக்டரியில் மாட்டிக்கொண்டோம். மெட்ரோ வேலை நடக்கிற இடம், ஞாயிற்றுக்கிழமையும் விடிவு கிடையாது. பையன் ஐந்து தடவை போன் செய்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது புதுத் தெருவில் ஒரே சத்தம். பத்தடி அகலத் தெரு, நடுவில் எங்கள் வண்டி, அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர் டேங்கர், அதற்குப் பின்னால் இரண்டு கார். டேங்கர்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பையன் முகம் வெளுத்துப்போய் ஒவ்வொருவரிடமும் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். நாற்பது நிமிஷம் அப்படி நின்றிருக்கிறான். புது இடத்தில் எங்கள் குடும்பத்தை முதன்முதலில் தெரிந்துகொண்டவர்கள் அவனை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

தரைத்தள வீட்டுக்காரம்மா வெளியே வந்தார். அத்தை படிக்கட்டைப் பார்த்து நிற்பதைக் கண்டு, “ஊட்டா ஆய்த்தா?”, சாப்பிட்டாச்சா என்று கன்னடத்தில் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார். எல்லாம் ஏற்றி முடிகிறவரை அங்கேயே இருக்கட்டும் என்றார். மேலே எங்களுக்கும் ஒரு பெரிய டப்பாவில் சித்ரான்னம் வந்தது. எலுமிச்சையும் வேர்க்கடலையும் போட்ட அந்தச் சூடான சோற்றைத் தரையில் உட்கார்ந்து டப்பாவின் மூடியில் வைத்து நானும் பிள்ளைகளும் சாப்பிட்டோம். அந்த வீட்டில் நாங்கள் சாப்பிட்ட முதல் சாப்பாடு பக்கத்து வீட்டுச் சாப்பாடு. அது நல்ல சகுனம் என்றே வைத்துக்கொண்டேன்.

ஒரு மணிக்கு அவர் போன் செய்தார். “கட்டில் உங்ககூட வந்துடுச்சா?”

வரவில்லை. இரண்டாம் நடைக்கு என்று பேசி வைத்தது.

“இங்க இல்லையே.”

கட்டில் எப்படி இல்லாமல் போகும்? வராந்தாவில் சாய்த்து வைத்ததை நானும்தான் பார்த்தேன். காலையில் இருந்ததா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் காலையில் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. பார்க்காத ஞாபகமும் இல்லை.

இரண்டு மணிக்கு இரண்டாம் நடை வந்தது. அவர் கையில் பட்டியல் தாள். ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தவர் கடைசியில் மேஸ்திரியைக் கூப்பிட்டு, “கட்டில் ஒண்ணு குறையுது, எங்கயாவது மாத்தி வெச்சுட்டீங்களா?” என்றார். குரலை உயர்த்தவில்லை, திருட்டு என்ற வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் கேள்வியே போதும். மேஸ்திரி முகம் மாறிவிட்டது. பையன்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்தச் சின்னப் பையன் வண்டிக்குப் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் முன்னால் தரையில் கவிழ்த்தான். ஒரு துண்டு, ஒரு மாற்றுச் சட்டை, சீப்பு, போன் சார்ஜர், தாளில் மடித்த இரண்டு சப்பாத்தி. ஆறரை அடிக் கட்டில் ஒரு பைக்குள் இருக்காது என்று அவனுக்குத் தெரியாதா? இருந்தும் கவிழ்த்தான். நான் குனிந்து எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்தேன். “விடுங்கக்கா” என்றான். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகும் அவர்கள்தான் பீரோவை ஏற்ற வேண்டியிருந்தது.

பீரோ ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே ஆழம். எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக் கொடுத்தது. படிக்கட்டு இரண்டே முக்கால் அடி. அதையும் அவர் அளந்திருந்தார். ஒருக்களித்துக் கொண்டுபோனால் ஏறும் என்பது கணக்கு. ஏறவும் செய்தது, முதல் திருப்பம் வரை. திருப்பத்தில் கைப்பிடிக் கம்பி உள்பக்கமாக நான்கு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. நிமிர்த்தினால் மேலே தளம் இடித்தது, சாய்த்தால் கம்பி இடித்தது. நாலு பேரும் தோளில் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்கள். மேலேயும் போகாது, கீழேயும் வராது. மூன்றாவது மாடியிலிருந்து இறங்க வந்தவர்கள் பீரோவுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். ஒரு பையனின் விரல் நசுங்கி ரத்தம் வந்தது. மேஸ்திரி, “இறக்கு, கயிறு போட்டுக்கலாம்” என்றார்.

பக்கத்துச் சந்துப் பக்கம் பால்கனி. முன்பக்கம் கரண்டு கம்பி போகிறது என்பதால் அந்தப் பக்கம்தான் வழி. பீரோவுக்குப் பழைய ரஜாய் இரண்டைச் சுற்றி, தேங்காய் நார்க் கயிறை இரண்டு சுற்றுக் குறுக்காகக் கட்டி, மேலே மூன்று பேர் இழுக்க, கீழே இரண்டு பேர் சுவரில் மோதாமல் கயிறு கட்டிப் பிடிக்க, அது மெதுவாக எழும்பியது. தெருவில் இருந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். டேங்கருக்குப் பின்னால் காத்திருந்த காரின் சொந்தக்காரர் வந்து ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டார். முதல் மாடி தாண்டும்போது மழை வந்தது. பெங்களூர் மே மாத மழை, நான்கு மணிக்கு வானம் கருத்தால் பத்தே நிமிஷத்தில் கொட்டிவிடும். கயிறு நனைந்தது, ரஜாய் நனைந்து கனம் கூடியது. யாரும் விடவில்லை. என் கணவர் மேலே பால்கனிச் சுவரில் முழங்காலை முட்டுக் கொடுத்துக்கொண்டு, அந்தச் சின்னப் பையனுக்குப் பின்னால் அதே கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் கையிலும் நார் அறுத்த கோடு. பீரோவின் தலை சுவரைத் தாண்டியதும் உள்ளே சாய்த்து ஒரே இழுப்பாக இழுத்தார்கள்.

ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். கம்ப்ரெசர் ஆயில் இறங்கி நிற்க வேண்டும், நாலு மணி நேரம் ஸ்விட்ச் போடாதே என்றார் என் கணவர். மாவைத் தரைத்தள வீட்டு ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் வைத்தேன். கேஸ் முகவரி, இலவச மின்சாரத்துக்கு ஆதாரைப் பழைய வீட்டு மின் இணைப்பின் ஆர்.ஆர். நம்பரிலிருந்து எடுத்துப் புதியதில் சேர்ப்பது எல்லாம் அந்த வாரம் முழுக்க இழுத்தது.

ஆறு மணிக்கு அத்தையை மேலே கூட்டி வந்தோம். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். ஹாலில் பெட்டிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். மேஸ்திரிக்கு என் கணவர் பணம் எண்ணிக்கொண்டிருந்தார். மழையில் நனைந்து ஐந்து பேரும் வாசலில் நின்றார்கள். அத்தை என்னிடம், “மேஜையை எங்க போட்டீங்க?” என்று கேட்டார்.

“இடம் பாக்கணும் அத்தை. முதல்ல உங்க கட்டிலைத்தான் காணோம்.”

“கட்டிலு எங்கியும் போவல. பால்காரம்மாக்கு நான்தான் குடுத்தேன்.”

விடிகாலை ஐந்து மணிக்குப் பால் போட வந்தவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் இரண்டு பிள்ளைகளையும் தள்ளுவண்டியையும் கூட்டிக்கொண்டு வந்து, நாங்கள் பின்னால் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தபோது எடுத்துப் போயிருக்கிறாள். “அவ அம்மா ஆறு மாசமா தரையில படுத்துக்கினு கீது. அந்த ரூமு அஞ்சு கல்லுதான். எண்ணிப் பாத்தேன். கட்டிலு போட்டா புள்ளைக்கு மேஜை இல்ல. கட்டிலு போன எடத்துல புள்ள படிக்கட்டும்.”

பையன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து வந்தவன் கண் சிவந்திருந்தது. “எனக்கு மேஜை வேணாம் ஆயா. யாரு உன்னைக் கேட்டாங்க?” என்றான். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

யாரும் கேட்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. வீடு சிறிதானால் எதை விடுவது என்று நாங்கள் இரண்டு வாரம் பேசினோம், அட்டை வெட்டினோம். அத்தையிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கட்டிலுக்கு முதல் இடம் கொடுத்ததே போதும் என்று நினைத்துவிட்டோம். அவரோ தன் வலியைத் தானே அளந்து, தானே முடிவு செய்து, விடிவதற்கு முன்னால் வண்டி ஏற்றி அனுப்பிவிட்டார். வீட்டில் இடம் குறைந்தால் முதலில் தன் இடத்தை ஒடுக்கிக்கொள்வது பெரியவர்கள்தான், அதிலும் பெண்கள். அதைத் தியாகம் என்று சொல்லிப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிட எனக்கு விருப்பமில்லை. நான் கோபப்பட்டேன். “ராத்திரி எழுந்திருக்க நீங்க பட்ட பாட்டை நான்தானே அத்தை பாத்தேன்” என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அத்தை பதில் சொல்லாமல் விளக்கின் திரியைச் சரி செய்தார்.

என் கணவர் பால்காரம்மாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது. “இப்பதாண்ணா அம்மாவைத் தூக்கி மேல படுக்க வெச்சோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஜன்னலு தெரியுதுன்னு சொல்லிச்சு. உங்களுக்கு வேணும்னா காலைல அனுப்பிடறேண்ணா.” வேண்டாம்மா, சும்மாதான் கேட்டேன், அங்கேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டார். அதன் பிறகு வாசலுக்குப் போய் அந்தச் சின்னப் பையனின் தோளைத் தொட்டு, “தம்பி, தப்பு எங்க மேல. மன்னிச்சுக்கோ” என்றார். அவன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி, “வுடுங்க சார், வூடு மாத்தற அன்னிக்கு எல்லாருக்கும் இப்படித்தான்” என்றார். நான் டீ போடலாம் என்றால் டம்ளர் எந்தப் பெட்டியில் என்று தெரியவில்லை. தெருமுனைக் கடையிலிருந்து பையன் வாங்கி வந்தான். எல்லோரும் நின்றுகொண்டே குடித்தோம்.

அவர்கள் போன பிறகு என் கணவர் பெட்ரூம் தரையில் உட்கார்ந்துவிட்டார். கிராஃப் தாள் மழையில் நனைந்து கட்டங்கள் அழிந்துபோயிருந்தன. வெறும் ஸ்கேலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். ஓரத்தில் மாமனாரின் இரண்டு டிரங்குப் பெட்டிகள். கருப்பு இரும்பு, மேலே வெள்ளைப் பெயிண்டில் அவர் ராணுவ நம்பர். ஸ்கேலை அதன் பக்கத்தில் நிறுத்தினார். பதினாலு அங்குலம். எழுந்து ஹாலுக்குப் போய் ஊஞ்சல் பலகையைப் பையனோடு சேர்ந்து தூக்கி வந்தார்.

இரண்டு டிரங்கையும் சுவரோரமாக நடுவில் இரண்டடி விட்டுப் போட்டார்கள். மேலே பலகை. ஆடாமல் இருக்க அடியில் கோணியை மடித்து வைத்தார். பலகை இரண்டு அங்குலம், பஞ்சு மெத்தையை மேலே போட்டால் அமுங்கி இரண்டு. பதினெட்டு. பழைய கட்டிலும் பதினெட்டுதான் என்றார். அகலம் ஓரடி குறைவு, அத்தை ஒல்லி. மேஜையை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டதும், நாற்காலியை இழுக்க ஒரு டைல்ஸ் இடம் மிச்சமிருந்தது. நான் கொடுத்துவிடலாம் என்று சொன்ன பலகை அது. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

மழை விட்டிருந்தது. கீழ் வீட்டுக்காரம்மா வந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடிகாலை நாலரைக்குக் காவிரித் தண்ணீர் வரும், நாளைக்கு வருகிற நாள், சம்ப்பில் விழுந்ததும் மோட்டார் போட வேண்டும், நாலு வீட்டுக்கும் முறை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து, 500 மீட்டர் உயரம் பம்ப் செய்து ஏற்றிக்கொண்டு வருகிற தண்ணீர். அலாரம் வைத்தேன்.

சின்னவள் அதற்குள் மேஜைக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கிவிட்டாள். அத்தையைக் கூட்டிவந்து பலகையில் உட்காரவைத்தேன். இரண்டு பக்கமும் கையால் தடவிப் பார்த்தார். சங்கிலி மாட்டுகிற வளையத்தில் விரலை நுழைத்துப் பார்த்தார். அப்புறம், தன்னையறியாமல்தான் இருக்க வேண்டும், வலது கால் பெருவிரலால் தரையை மெல்ல உந்தினார்.

பலகை அசையவில்லை. “கெட்டியா இருக்குது” என்று சொல்லிவிட்டு, என் தோளைப் பிடிக்காமல் தானே ஒருமுறை எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். “லைட்ட அணைக்காத, புள்ள படிக்கட்டும்” என்றார்.

பையன் மேஜையில் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான்.